மருந்து கேக்குற காது: குழந்தைங்க வீசிங்கும் ஜீனும்

எங்க அக்கா பையனுக்கும் அவங்க கீழ் போர்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ரெண்டு பேருக்கும் வீசிங், ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்டதான் போறாங்க, காலைலயும் ராத்திரியும் இழுக்கிற பஃப்பும் ஒண்ணேதான். அந்தப் பொண்ணு மூணு மாசத்துல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல ஓடறதுக்குப் பேர் குடுக்கிற அளவுக்குத் தேறிடுச்சு. எங்க பையன் அதே மூணு மாசத்துல ரெண்டு தடவை நடுராத்திரி ஆட்டோ புடிச்சு நெபுலைசர் வெச்சுட்டு வந்தான். அக்கா நேரா என்கிட்ட வந்து, "நீதான் பயோடெக் படிச்சவளாச்சே, ஒரே மருந்து அதுக்குக் கேக்குது இவனுக்குக் கேக்கல, ஏன்டி?"ன்னு கேட்டா.

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரிக்கா"ன்னு ஒரு சப்பை பதில் சொல்லி அன்னிக்குத் தப்பிச்சுட்டேன். ஆனா அவ சொன்ன வார்த்தை மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. மருந்து கேக்குது, மருந்து கேக்கல. நம்ம ஆளுங்க எந்தக் காலத்துல இப்படிச் சொல்ல ஆரம்பிச்சாங்களோ, உடம்புக்குள்ள நிஜமாவே மருந்தைக் கேக்கறதுக்குன்னு காது மாதிரி ஒண்ணு இருக்கு. அந்தக் காது குழந்தைக்குக் குழந்தை லேசா மாறுது, அந்த மாற்றம் ஜீன்ல எழுதியிருக்கு. அதைப் படிச்சுப் பார்த்து இந்தக் குழந்தைக்கு இந்த வீசிங் மருந்துன்னு முடிவு பண்ண முடியுமான்னு ஒரு இருபது முப்பது வருஷமா ஆராய்ச்சி நடக்குது. நான் டாக்டர் கிடையாது, படிச்சதைப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன், இதைப் படிச்சுட்டு யாரும் குழந்தையோட மருந்தை நிறுத்தவோ மாத்தவோ வேணாம்.

முதல்ல, வீசிங்னு நாம சொல்ற ஆஸ்துமால என்னதான் நடக்குதுன்னு சுருக்கமா. மூச்சுக்குழாயைச் சுத்தி ஒரு மெல்லிசான தசை இருக்கு, தூசி, புகை, பனி, சளிக் காய்ச்சல்னு ஏதாவது சீண்டினா அது இறுக்கிக்குது. குழாயோட உள் சுவர் வீங்கிக்குது. போதாக்குறைக்கு சளி வேற சேருது. இழுப்பு வர்றப்ப மட்டும்தான் வியாதி, மத்த நாள் குழந்தை நல்லாதானே இருக்குன்னு நாம நினைக்கிறோம், ஆனா அந்த வீக்கம் நீறு பூத்த நெருப்பு மாதிரி எப்பவும் உள்ள கிடக்குது. அதனாலதான் மருந்துலயும் ரெண்டு ஜாதி. ஒண்ணு, இறுகின தசையை உடனே தளர்த்தற சால்பூட்டமால், நம்ம வீடுகள்ல அஸ்தாலின்னு சொல்றது, அஞ்சு பத்து நிமிஷத்துல வேலை செய்யும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். இன்னொண்ணு, தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு பஃப், அது வீக்கத்தை அடக்கறதுக்கு, இன்னிக்கு இழுத்தா இன்னிக்கே தெரியாது.

இப்ப அந்தக் காதுக்கு வர்றேன். சால்பூட்டமால் உள்ள போனதும் தசை செல் மேல இருக்கிற பீட்டா-2 ரிசெப்டர்னு ஒரு புரதத்துல போய் ஒட்டிக்குது. ரிசெப்டர்னா வாங்கிக்கிறது. நம்ம உடம்பே சுரக்கிற அட்ரினலினைக் கேக்கறதுக்காகத்தான் அது அங்க இருக்கு, சால்பூட்டமால் அட்ரினலின் குரல்ல மிமிக்ரி பண்ணி "தளர்ந்துக்கோ"ன்னு சொல்லுது, அது நம்பி தசையைத் தளர்த்திவிட்டுடுது. இந்தக் குடும்பத்து ரிசெப்டர்கள் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2012ல ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் ப்ரையன் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல் குடுத்தாங்க, அவங்க அதிகமா மெனக்கெட்டதே இந்த பீட்டா-2 மேலதான்.

இந்தக் காதைச் செய்யறதுக்கான குறிப்பு நம்ம 5ஆவது குரோமோசோம்ல இருக்கு, அந்த ஜீனுக்கு ஏடிஆர்பி2ன்னு பேரு. ஜீன்ங்கிறது சமையல் குறிப்பு மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா எழுத்து நாலே நாலு: ஏ, டி, ஜி, சி. மூணு மூணு எழுத்தா படிச்சு ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலத்தை, அதாவது புரத மாலைக்கு ஒரு மணியை, எடுத்துக் கோர்த்துட்டே போகும், இந்த ரிசெப்டர்ல மொத்தம் 413 மணி. அதுல 16ஆவது மணிலதான் விஷயமே. சில பேருக்கு அந்த இடத்துல ஏஜிஏன்னு எழுதியிருக்கும், அப்ப ஆர்ஜினின்னு ஒரு மணி வரும். சில பேருக்கு முதல் எழுத்து மட்டும் மாறி ஜிஜிஏன்னு இருக்கும், அப்ப கிளைசின் வரும். கிட்டத்தட்ட 300 கோடி எழுத்துல ஒரே ஒரு எழுத்து. ரெண்டுமே சர்வ சாதாரணம், ஊனமும் இல்ல, குறையும் இல்ல. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு காப்பி வர்றதால, ரெண்டும் ஆர்ஜினின், ரெண்டும் கிளைசின், இல்ல ரெண்டுலயும் ஒவ்வொண்ணுன்னு மூணு வகையா குழந்தைங்க இருப்பாங்க. ஐரோப்பிய வம்சாவளில ஆறேழு பேருக்கு ஒருத்தர் ரெண்டும் ஆர்ஜினின்.

1997ல அமெரிக்காவுல அரிசோனால ஃபெர்னாண்டோ மார்டினெஸ்னு ஒரு குழந்தை டாக்டரோட டீம் 269 குழந்தைங்களுக்கு சால்பூட்டமால் குடுத்து ஊதச் சொல்லிப் பார்த்தாங்க. ரெண்டும் ஆர்ஜினின் இருக்கிற குழந்தைங்களுக்கு, ரெண்டும் கிளைசின் இருக்கிற குழந்தைங்களை விட, மருந்து நல்லா கேக்கறதுக்கான வாய்ப்பு அஞ்சு மடங்குக்கு மேல இருந்துச்சு. அட, அப்ப ஆர்ஜினின் குழந்தைங்க குடுத்து வெச்சவங்கன்னு தோணும் இல்லையா? எனக்கும் தோணுச்சு.

அங்கதான் கதை திரும்புது. அந்தப் பரிசோதனை ஒரு தடவை மருந்து குடுத்துப் பார்த்தது. அதே மருந்தை தினமும் நாலு வேளை குடுத்துட்டே இருந்தா என்ன ஆகும்? 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்துச்சு, பெரியவங்க, லேசான ஆஸ்துமா, 16 வாரம், ஒரு கட்டம் சால்பூட்டமால் இன்னொரு கட்டம் வெறும் டம்மி பஃப், யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. கிளைசின்காரங்களுக்கு மருந்துல காலை நேர ஊதற வேகம் கூடுச்சு. ஆர்ஜினின்காரங்களுக்கு டம்மி இழுத்தப்பதான் நல்லா இருந்துச்சு. முதல் தடவை அவ்வளவு நல்லா கேட்ட அதே காது, தினமும் சொன்னா கேக்க மாட்டேங்குது.

இதுக்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்ற விளக்கம் எனக்கு ரொம்பப் புடிச்சது. வீட்டுல பாட்டி ஒரே விஷயத்தை நாள் பூரா சொல்லிட்டே இருந்தா பேரப்புள்ளைங்க காதுல அது விழறதே நின்னுடும்ல, அதே மாதிரி செல்லும் ஓயாம ஒரே சத்தம் கேட்டா மேல இருக்கிற ரிசெப்டரை உள்ள இழுத்துக்கும், எண்ணிக்கையையே குறைச்சுடும். கிளைசின் வகை ரிசெப்டர் இதுல கொஞ்சம் முந்திரிக்கொட்டை, உடம்பு சுரக்கிற சொந்த அட்ரினலினுக்கே பாதி உள்ள போய் உக்காந்திருக்கும், அதனால முதல் தடவை மருந்து வர்றப்ப அதுக்குப் பெருசா உறைக்காது, தினமும் குடுத்தாலும் இழக்கறதுக்கு மிச்சம் அதிகம் இல்ல. ஆர்ஜினின் வகை புதுசா காது குத்தின மாதிரி எல்லாத்தையும் மேல விரிச்சு வெச்சிருக்கும், முதல் தடவை பிரமாதமா கேக்கும், தினமும் மருந்து விழ விழ அது ஒவ்வொண்ணா உள்ள போகும், அப்ப இழப்பு பெருசா தெரியும். இது ஒரு விளக்கம்தான், ஆனா ரெண்டு முரணான ரிசல்டையும் ஒரே கயித்துல கட்டுது.

சரி, சால்பூட்டமாலை இப்ப யாரும் நாலு வேளை தினமும் குடுக்கிறதில்லையே, அப்புறம் என்ன கவலை? கவலை அதோட நீண்ட நேர அண்ணன்கிட்ட. சால்மெட்ரால்னு ஒண்ணு இருக்கு, 12 மணி நேரம் தாங்கும், அதே பீட்டா-2 காதுலதான் பேசும். ஸ்டீராய்டு மட்டும் குடுத்து அடங்காத குழந்தைங்களுக்கு ஸ்டீராய்டோட சேர்த்து ஒரே பஃப்ல வர்றது இந்த மாதிரி மருந்துதான். தினமும் ரெண்டு வேளை, மாசக்கணக்கா. அப்ப ஆர்ஜினின் குழந்தைங்களுக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டது ஸ்காட்லாந்துல டண்டி ஊர்ல இருந்த ஒரு குழு. காலின் பாமர்னு ஒரு ஜீன் ஆராய்ச்சியாளர், சோம்நாத் முகோபாத்யாய்னு ஒரு குழந்தை டாக்டர், இவங்க டண்டியைச் சுத்தி இருக்கிற டேசைடு பகுதில ஆஸ்துமா இருக்கிற பசங்களோட எச்சில்லேர்ந்து டிஎன்ஏ எடுத்து, அவங்க எந்த மருந்து இழுக்கிறாங்க, எத்தனை தடவை இழுப்பு முத்திப் போய் ஆஸ்பத்திரி, ஸ்கூல் லீவுன்னு எல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. 2006ல 546 பேரை வெச்சு வந்த ரிசல்ட்: ரெண்டும் ஆர்ஜினின் இருந்து சால்மெட்ராலும் எடுக்கிற பசங்களுக்கு இழுப்பு முத்தறது அதிகமா இருக்கு. 2009ல எண்ணிக்கையை 1,182 ஆக்கிப் பார்த்தாங்க, அப்பவும் அதே திசைல. கவனிங்க, இது நடந்ததைத் திரும்பிப் பார்த்த கணக்கு, மருந்து மாத்திப் பார்த்த சோதனை கிடையாது. வியாதி ஏற்கனவே முத்தின குழந்தைக்குத்தானே டாக்டர் கூடுதல் மருந்து எழுதுவார், அதனால மருந்தா குற்றவாளி வியாதியா குற்றவாளின்னு இந்த மாதிரி கணக்குல பிரிக்கறது கஷ்டம்.

கொஞ்சம் நிறுத்தி அந்த டாக்டர் நாற்காலில நாம உக்காந்து பார்க்கலாம். குறைஞ்ச டோஸ் ஸ்டீராய்டுல குழந்தைக்கு அடங்கல. அடுத்து என்ன? பொதுவா மூணு வழி. ஸ்டீராய்டு டோஸைக் கூட்டலாம், சால்மெட்ரால் மாதிரி ஒண்ணைச் சேர்க்கலாம், இல்ல மான்டெலுகாஸ்ட்னு ராத்திரி போடற மாத்திரையைச் சேர்க்கலாம், அது முழுக்க வேற வழில, லூக்கோட்ரையீன்னு ஒரு வீக்கம் உண்டாக்கற ரசாயனத்தைத் தடுக்கிறது, பீட்டா-2 காது பக்கமே போகாது. மூணுக்கும் விலை இருக்கு, நான் காசைச் சொல்லல. ஸ்டீராய்டு பஃப் பத்தி அமெரிக்கா கனடாவுல 1,041 குழந்தைங்களை வெச்சு கேம்ப்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, அவங்க வளர்ந்து பெரியவங்க ஆனப்புறம் 2012ல அளந்தா, வருஷக்கணக்கா புடெசொனைடுங்கிற ஸ்டீராய்டு பஃப் இழுத்தவங்க சராசரியா 1.2 சென்டிமீட்டர் குள்ளமா இருந்தாங்க. பயப்படற அளவு இல்ல, அடங்காத ஆஸ்துமா பண்ற சேதம் இதைவிட ரொம்பப் பெருசு, "பஃப் பழகினா விடாது"ன்னு நம்ம வீடுகள்ல சொல்றதெல்லாம் தப்பு, இருந்தாலும் காரணமில்லாம டோஸ் ஏத்த வேணாம்னு யோசிக்க வைக்கும்.

மான்டெலுகாஸ்ட் கதை இன்னும் முக்கியம், ஏன்னா நம்ம ஊர்ல அது லெவோசெட்ரிசின்ங்கிற அலர்ஜி மருந்தோட கலந்து சளி மாத்திரை மாதிரியே புழங்குது. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்ல அதுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு, அவங்ககிட்ட இருக்கிறதுலயே கடுமையான எச்சரிக்கை அதுதான். சில பேருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரைக்கும் வரலாம்ங்கிறதால. எல்லா குழந்தைக்கும் வராது, ஆனா மாத்திரை ஆரம்பிச்சப்புறம் புள்ள திடீர்னு ராத்திரி அலறி எழுந்துக்குது, காரணமில்லாம அழுவுதுன்னா அதை "சேட்டை"ன்னு விடாம டாக்டர்கிட்ட சொல்லணும். இதை எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கே கொஞ்சம் கோவம் வரும்.

ஆக மூணுமே சும்மா சேர்த்துப் பார்க்கற மருந்து கிடையாது, எது இந்தக் குழந்தைக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா பெரிய உபகாரம். டண்டி குழு அடுத்து அதைத்தான் பண்ணாங்க. ரெண்டும் ஆர்ஜினின் இருக்கிற 62 குழந்தைங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, எல்லாருக்கும் ஸ்டீராய்டு பஃப் உண்டு, கூட பாதிப் பேருக்கு சால்மெட்ரால், பாதிப் பேருக்கு மான்டெலுகாஸ்ட்னு சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க. 2013ல ரிசல்ட் வந்துச்சு. மான்டெலுகாஸ்ட் பக்கம் ஸ்கூல் லீவு குறைஞ்சுது, இழுப்பும் குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா இது திரும்பிப் பார்த்த கணக்கு கிடையாது, மருந்தை மாத்திப் பார்த்தது. 2016ல பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 4,226 குழந்தைங்க கணக்கைப் போட்டாங்க, ஸ்டீராய்டோட சால்மெட்ரால் வகை சேர்த்து எடுக்கிற குழந்தைங்கள்ல ஒவ்வொரு ஆர்ஜினின் காப்பிக்கும் இழுப்பு முத்தற அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. ஸ்டீராய்டு மட்டும் எடுக்கிறவங்ககிட்ட அந்த வித்தியாசமே இல்ல. அதாவது ஆர்ஜினின்னா மோசமான ஆஸ்துமான்னு அர்த்தம் இல்ல, அந்த மருந்தோட சேரும்போதுதான்.

இந்த இடத்துல கட்டுரையை முடிச்சுட்டா "உடனே ஜீன் டெஸ்ட் எடுங்க"ன்னு ஆயிடும், பாதி கதை சொன்ன பாவம் எனக்கு வேணாம். 2009ல பெரியவங்களை வெச்சு ஸ்டீராய்டோட சேர்த்து சால்மெட்ரால் குடுத்துப் பார்த்தப்ப காலை நேர ஊதற வேகத்துல ஆர்ஜினினுக்கும் கிளைசினுக்கும் வித்தியாசம் வரல, ரெண்டு பேருக்கும் நல்லாதான் இருந்துச்சு. 2016ல நாலு வயசுலேர்ந்து 11 வயசு வரைக்கும் 6,208 குழந்தைங்களை வெச்சு ஸ்டீராய்டு மட்டுமா இல்ல சால்மெட்ரால் சேர்த்தான்னு பார்த்த பெரிய ஆய்வுலயும், மொத்தமா பார்த்தா சேர்த்துக் குடுத்ததால ஆபத்து கூடல. அதனால வீட்டுல அந்த பஃப் இருக்கேன்னு பதறிடாதீங்க, ஸ்டீராய்டோட சேர்ந்தே வர்ற பஃப் பெரும்பாலான குழந்தைக்கு நல்ல மருந்து. அப்புறம் முகோபாத்யாய் இங்கிலாந்துல பிரைட்டனுக்குப் போனப்புறம் அந்த அணி நேரடிக் கேள்வியையே கேட்டுச்சு: ஜீன் பார்த்து மருந்து எழுதினா வழக்கமா எழுதறதை விட நல்லா இருக்குமா? 12லேர்ந்து 18 வயசு வரை 241 பசங்க, பாதிப் பேருக்கு ஜீன் பார்த்து, மீதிப் பேருக்கு வழக்கமான முறை, ஒரு வருஷம். 2021ல வந்துச்சு. ஆஸ்துமாவோட வாழ்க்கை எப்படி இருக்குன்னு பசங்களையே கேட்டு மார்க் போடற ஒரு அளவுகோல்ல, ஜீன் பார்த்த பக்கம் 0.16 அதிகம். இந்த அளவுக்காவது கூடினாதான் பிரயோஜனம்னு அவங்களே முன்னாடி குறிச்சு வெச்சிருந்தது 0.25. ரெண்டும் ஆர்ஜினின் இருக்கிற பசங்களை மட்டும் தனியா பார்த்தா 0.42 கூடியிருந்துச்சு.

என் கணக்குல இதோட அர்த்தம் என்னன்னா, ஒரு எழுத்து சொல்ற சேதி உண்மைதான், ஆனா அது எல்லாருக்கும் கேக்கற அளவுக்கு சத்தமா இல்ல. ஆறேழு பேர்ல ஒருத்தருக்குப் பிரயோஜனமா இருக்கலாம், மத்தவங்களுக்கு டெஸ்ட் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் பெருசா மாறாது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவுல டாக்டர்கள் பார்க்கற வழிகாட்டுதல்கள்லயும் இன்னும் ஜீன் பார்த்து மருந்து குடுங்கன்னு வரல.

பீட்டா-2 மட்டும்தானான்னா இல்ல, ஸ்டீராய்டு பக்கமும் தேடினாங்க. நான் மேல சொன்ன அதே கேம்ப் குழந்தைங்க டிஎன்ஏவை வெச்சு 2011ல கெலான் தந்திசிராங்கிறவரோட குழு ஜிஎல்சிசிஐ1ன்னு ஒரு ஜீனைப் புடிச்சாங்க. அதுல ஒரு மாற்றம் ரெண்டு காப்பியா இருந்தா ஸ்டீராய்டு பஃப்னால நுரையீரல் ஊதற சக்தி சுமார் 3 சதவீதம்தான் கூடுது, மாற்றம் இல்லாதவங்களுக்கு 9 சதவீதத்துக்கு மேல. பெரிய செய்தி ஆச்சு. அப்புறம் மத்த நாட்டுல பார்த்தப்ப சில இடத்துல ஒத்து வந்துச்சு, சில இடத்துல வரல.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடறேன், ஏன்னா அக்காவே இதைத்தான் முதல்ல கேட்டா, "எங்க மாமனாருக்கு இழுப்பு இருந்துச்சு, அந்த ஜீன்தானே இது?" அது வேற கேள்வி. ஆஸ்துமா வருமா வராதாங்கிறதுக்கான ஜீன் தனி, வந்தப்புறம் எந்த மருந்து கேக்கும்ங்கிறதுக்கான ஜீன் தனி. முதல் வகைல 2007ல 17ஆவது குரோமோசோம்ல ஓஆர்எம்டிஎல்3ன்னு ஒரு ஜீன் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க, சின்ன வயசுலயே வர்ற ஆஸ்துமாவோட அதுக்கு நெருக்கமான தொடர்பு, ஆனா அதை வெச்சு எந்த பஃப்னு எழுத முடியாது. தாத்தாகிட்டேர்ந்து இழுப்பு வந்திருக்கலாம், மருந்து கேக்குற காது பாட்டி வழில வந்திருக்கலாம்.

இதுல எனக்கு உறுத்தற ஒரு விஷயம், இந்த ஆய்வெல்லாம் யாரை வெச்சு நடந்துச்சுங்கிறது. பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைங்க. அமெரிக்காவுல எஸ்டெபான் புர்ச்சார்டுன்னு கலிஃபோர்னியா டாக்டர் ஒருத்தர் இதைத்தான் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கார். அங்க ஆஸ்துமா ரொம்ப அதிகமா இருக்கிறது போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் குழந்தைங்களுக்கு, அவங்களுக்கும் கறுப்பினக் குழந்தைங்களுக்கும் சால்பூட்டமால் மத்தவங்களுக்குக் கேக்குற அளவு கேக்கறதில்ல, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைங்களுக்கு நல்லா கேக்குது. போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ ரெண்டுமே ஒரே "ஸ்பானிஷ் பேசறவங்க"ங்கிற கட்டத்துல டிக் பண்ற ஜனங்க, மருந்துக்கு நேர் எதிரா நடந்துக்கறாங்க. 2018ல இவங்க குழு 1,441 குழந்தைங்களோட முழு டிஎன்ஏவையும் வாசிச்சப்ப, ஐரோப்பியர்களை வெச்சு மட்டும் தேடியிருந்தா கண்ணுல படாத ஜீன் பகுதிகள் வந்துச்சு. ஆர்ஜினின் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும், கிழக்காசியால ஐரோப்பாவை விட அதிகம். ஸ்காட்லாந்துப் பசங்க கணக்கை அப்படியே மடிச்சு நம்ம பையன் பாக்கெட்டுல வைக்க முடியாது.

இப்போ ஆராய்ச்சி கொஞ்சம் வேற பக்கம் நகருது. ஜீன் எழுத்தைப் பார்க்கறதுக்குப் பதிலா, இப்ப இந்த நிமிஷம் எந்த ஜீன் வேலை செஞ்சுட்டு இருக்குன்னு பார்க்கறது. எழுத்து பொறந்ததுலேர்ந்து மாறாது, ஆனா வீட்டுல எந்த ரூம்ல லைட் எரியுதுங்கிறது நேரத்துக்கு நேரம் மாறும்ல, அந்த மாதிரி. மூக்குக்குள்ள ஒரு பஞ்சுக் குச்சி விட்டுத் தேய்ச்சு ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்யற ஜீன்லேர்ந்து வர்ற நகலைப் பார்த்தா, மூச்சுக்குழாய்ல எந்த வகை வீக்கம்னு ஊகிக்கலாம்னு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2025 ஆரம்பத்துல காட்டுச்சு. டி2ன்னு சொல்ற அலர்ஜி வகை வீக்கம்தான் குழந்தைங்ககிட்ட அதிகம்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, அவங்க பார்த்த போர்ட்டோ ரிக்கோ, ஆப்பிரிக்க அமெரிக்கக் குழந்தைங்கள்ல அது கால்வாசி சுத்துதான் இருந்துச்சு. ஏன் இது முக்கியம்னா, ஓமலிசுமாப், மெபோலிசுமாப், டுபிலுமாப் மாதிரி கடுமையான ஆஸ்துமாவுக்குப் போடற விலை கூடின ஊசியெல்லாம் அந்த அலர்ஜி வகை வீக்கத்தைத்தான் குறி வெச்சு அடிக்குது, வேற வகை வீக்கம் இருக்கிற குழந்தைக்கு அதைப் போட்டா குறி தப்பிடும். இதுக்கு இப்போதைக்கு ஆஸ்பத்திரில ரத்தத்துல அந்த வகை வீக்கத்தைக் காட்டிக்குடுக்கிற ஈசினோஃபில், ஐஜிஈ எல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க, ஒரு விதத்துல இதுவும் குழந்தைக்கு ஏத்த வைத்தியம்தான், ஜீன்னு பேர் இல்லாம.

இவ்வளவையும் கேட்டுட்டு அக்கா, "சரி இப்ப எச்சில் டெஸ்ட் எங்க எடுக்கறாங்க, காசு எவ்வளவானாலும் பரவால்ல"ன்னா. எடுக்க வேணாம்னேன். இன்னிக்குத் தேதில ரிப்போர்ட் வந்தாலும் அதை வெச்சு மருந்து மாத்தச் சொல்ற வழிகாட்டுதல் டாக்டர் கையில கிடையாது. அடுத்த தடவை செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். ஜீன் பத்தி நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டாக்டர், "தம்பி, எப்படி இழுக்கறேன்னு காட்டு"ன்னார். பையன் பஃப்பை அழுத்திட்டு, அதோட மாட்டற குழாய் மாதிரியான ஸ்பேசர்லேர்ந்து ஒரே ஒரு மூச்சு வேகமா இழுத்துட்டு, கைகட்டி நின்னான். அஞ்சாறு மூச்சு மெதுவா இழுக்கணுமாம், அழுத்தறதுக்கு முன்னாடி நல்லா குலுக்கணுமாம், ரெண்டாவது பஃப்புக்கு மறுபடி குலுக்கணுமாம். மூணு மாசமா பாதி மருந்து ஸ்பேசர் சுவத்துலயும் தொண்டைலயும்தான் போயிருக்கு. காதுக்குப் போய்ச் சேராத பேச்சு எந்தக் காதுக்குக் கேக்கும்?

அப்புறம் ஜீன் விஷயத்தையும் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு ஒரு அமெரிக்க ஆய்வைச் சொன்னார், வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2010ல வந்தது. ஸ்டீராய்டு பஃப்ல அடங்காத 182 பசங்க, ஒவ்வொரு குழந்தைக்கும் நான் மேல சொன்ன மூணு வழியையும் மாத்தி மாத்தி, 16 வாரம் ஒண்ணு, 16 வாரம் இன்னொண்ணு, 16 வாரம் மூணாவதுன்னு குடுத்து, எதுல நல்லா இருந்தான்னு அந்தக் குழந்தையையே அவனோடயே ஒப்பிட்டாங்க. கணக்குப் போட முடிஞ்ச 165 பேர்ல 161 பேருக்கு ஏதோ ஒரு வழி மத்ததை விடத் தெளிவா நல்லா இருந்துச்சு. அதிகம் பேருக்கு சால்மெட்ரால் வகைதான் முதல்ல வந்துச்சு, ஆனா மத்த ரெண்டுல நல்லா தேறினவங்களும் நிறைய. ஒவ்வொரு குழந்தைக்கும் அதுக்குன்னு ஒரு மருந்து இருக்குங்கிறது அதுல தெரிஞ்சுது, அது எதுன்னு முன்கூட்டியே சொல்ற ஜீன்தான் இன்னும் முழுசா கையில சிக்கல. "அதுவரைக்கும் நோட்டுல குறிச்சு வெச்சுப் பார்க்கறதுதான்"னார் டாக்டர்.

அதனால இப்ப அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு காலண்டர் தொங்குது. ராத்திரி இருமினா நீலப் புள்ளி, அஸ்தாலின் தேவைப்பட்டா சிவப்பு, ஸ்கூல் லீவுன்னா குறுக்குக் கோடு, மருந்துல ஏதாவது மாத்தினா அந்தத் தேதில ஒரு அம்புக்குறி. புள்ளி வைக்கிறது அவன் வேலை, அக்கா வெச்சா ஒத்துக்க மாட்டான். ஸ்பேசரைச் சரியா புடிக்க ஆரம்பிச்சப்புறம் போன மாசம் சிவப்பு மூணே மூணுதான். இந்த மாசம் பனி ஆரம்பிச்சிருக்கு, நேத்து ராத்திரி ஒரு நீலம் வெச்சிருக்கான்.